மாப்பிள்ளை வீட்டுக்குப் போன பஞ்சு

புன்னைக்குப்பம்
11.3.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜெயப்பிரியா வணக்கத்துடன் எழுதுவது. நானும் என் வீட்டுக்காரர் கண்ணாயிரமும் சுகம். ‘உங்கள் மாப்பிள்ளையும் சுகம்’ என்றுதான் முதலில் எழுதினேன். அந்த வரியிலேயே கடிதத்தை மடித்துவிடுவீர்களோ என்று பயந்து வேறு தாள் எடுத்தேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அண்ணிக்குச் சர்க்கரை குறைந்ததா? வேர்க்கடலை இந்த வருடம் தேறுமா?

நான்கு வருடமாகப் போன் அடித்துப் பார்க்கிறேன். என் நம்பரைக் கண்டால் நீங்கள் எடுப்பதில்லை. அண்ணியின் போனிலும் என் நம்பர் வராதபடி செய்துவிட்டீர்கள். தபால்காரரை அப்படித் தடுக்க முடியாது, அதனால் எழுதுகிறேன். உங்களிடம் சொல்லாமல் திருக்கழுக்குன்றத்தில் தாலி கட்டிக்கொண்டதைப் பற்றி இதில் எழுதப்போவதில்லை. இது வேறு விஷயம்.

மாசி மகம் முடிந்த வாரத்தில் எங்கள் கரையில் எண்ணெய் ஒதுங்க ஆரம்பித்தது. எந்தக் கப்பல் விட்டதோ, ஒருவருக்கும் தெரியவில்லை. அலையோடு கறுப்பாகக் கட்டி கட்டியாக வருகிறது. வலையில் ஒட்டினால் வலையைத் தூக்கிப் போட வேண்டியதுதான். அதைவிடப் பெரிய பயம் முகத்துவாரம். அது வழியாக எண்ணெய் உப்பங்கழிக்குள் போய்விட்டால் நண்டும் இறாலும் குஞ்சு வைக்கிற இடமே கெட்டுவிடும். அப்புறம் இந்தக் குப்பத்துக்குத் தொழில் இல்லை.

நீங்கள் செங்கல்பட்டுக்கு அனுப்பிப் படிக்கவைத்த கெமிஸ்ட்ரி இப்போதுதான் உதவிற்று. பக்கெட்டில் கடல் தண்ணீர் பிடித்து இஞ்சின் எண்ணெயை ஊற்றி, தேங்காய் நார், வைக்கோல், வேர்க்கடலைத் தோல் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் எண்ணெயையும் குடித்தது, தண்ணீரையும் குடித்தது. கடைசியில் தலையணையைப் பிரித்து ஒரு கைப்பிடி இலவம் பஞ்சைப் போட்டேன். எண்ணெயை மட்டும் குடித்துவிட்டு மேலேயே மிதந்தது.

இதை ஊர்க் கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டேன். தலைவர் அப்பாசாமி, ‘இன்னாம்மா, கப்பல் வுட்ட எண்ணெய தலகாணி பஞ்ச வச்சி தொடைக்கப் போறியா?’ என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ‘என் அண்ணன் வயல் ஓரம் பூராவும் இலவ மரம்தான், நான் கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டார்’ என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நீங்கள் என் போனையே எடுப்பதில்லை என்பது ஞாபகம் வந்தது.

பரணில் கிடக்கிற பழைய பஞ்சு போதும். தூசி, கொட்டை எதுவும் பார்க்க வேண்டாம். சுத்தம் செய்கிறேன் என்று அண்ணியைச் சிரமப்படுத்தவும் வேண்டாம். இருக்கிறபடியே சாக்கில் கட்டி அனுப்புங்கள்.

உங்கள் தங்கை,
ஜெயப்பிரியா


செய்யூர்
20.3.2024

ஜெயப்பிரியாவுக்கு உலகநாதன் எழுதுவது.

கடிதம் வந்தது. இங்கு எல்லோரும் இருக்கிறோம்.

பரணில் பஞ்சு இருக்கிறது. மதுராந்தகத்து மெத்தைக் கடைக்காரர் கேட்டிருந்தார். அவருக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். இந்த வீட்டில் பிறந்த பெண் கேட்டு இல்லை என்று சொன்ன வழக்கம் கிடையாது. அதற்காக மற்றதெல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. உன் வாசலை நான் மிதிக்க மாட்டேன், என் வாசலுக்கு நீ வரக் கூடாது என்று சொன்னது சொன்னதுதான்.

அனுப்பக் கொஞ்ச நாள் ஆகும். ஏன் என்று கேட்காதே. டிரைவர் மணி குட்டியானை வண்டியில் கொண்டுவந்து போடுவான். அவனுக்குச் சாப்பாடு போட்டு அனுப்பு.

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. வேர்க்கடலை சுமார்.

இப்படிக்கு,
கோ. உலகநாதன்


புன்னைக்குப்பம்
3.4.2024

அன்புள்ள அண்ணா, அண்ணி,

இங்கே எல்லோரும் சுகம். இன்றைக்கு ரொம்பவே சுகம்.

மணி அண்ணன் மூட்டைகளை இறக்கியதும் பக்கத்து வீட்டு விஜயகுமாரி அக்கா ஒன்றைப் பிரித்துவிட்டு, ‘இன்னாடி இது, மல்லிப்பூ மூட்டையா?’ என்று கத்தினாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவ்வளவு வெள்ளையாக இலவம் பஞ்சை நான் பார்த்ததில்லை. பரணில் கிடந்தது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ‘பொறந்த வூட்டு சீரு இப்பத்தான் வருதா?’ என்று பெண்கள் கேலி செய்தார்கள். ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தத் தெருவில் நான் தலையை நிமிர்த்தி நின்றது அன்றுதான்.

பழைய வலைகளைக் குழாய் மாதிரி நீளமாகத் தைத்து, உள்ளே பஞ்சை அடைத்தோம். பஞ்சு கொஞ்சம் கட்டி கட்டியாக இருந்ததால் பிய்த்துப் பிய்த்து அடைக்க வேண்டியிருந்தது. முடித்துப் பார்த்தால் மலைப்பாம்பு படுத்திருக்கிற மாதிரி இருந்தது. ஊரே இப்போது அதை மலைப்பாம்பு என்றுதான் சொல்கிறது. நாளைக்கு முகத்துவாரத்துக்குக் குறுக்கே கட்டப்போகிறோம். எண்ணெய் வந்து முட்டினால் அதிலேயே நின்றுவிடும், தண்ணீர் மட்டும் உள்ளே போகும்.

நீங்கள் வர மாட்டீர்கள் என்று தெரியும். வீட்டுக்கு வர வேண்டாம். மகாபலிபுரம் பக்கம் ஏதாவது வேலையாக வந்தால் பாலத்தின் மேல் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போங்கள். பாலம் என் வாசல் இல்லை, நெடுஞ்சாலைத் துறையுடையது.

அன்புடன்,
ஜெயா


புன்னைக்குப்பம்
8.4.2024

அண்ணனுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

பஞ்சு முழுகிவிட்டது. கட்டிய மறுநாளே மலைப்பாம்பு பாதி தண்ணீருக்குள் போய்விட்டது. கடல் தண்ணீர் ஏறிய அடுத்த ஏற்றத்தில் முழுசாக அடியில் உட்கார்ந்துவிட்டது. அதற்கு மேலாகவே எண்ணெய் மிதந்து உப்பங்கழிக்குள் போனது. நாங்கள் எல்லோரும் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். என் வீட்டுக்காரர் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டார். ஈரத் துணி மாதிரி சொட்டச் சொட்டத் தண்ணீரைக் குடித்திருந்தது. எண்ணெய் ஒரு பொட்டுக்கூட இல்லை.

என் தலையணைப் பஞ்சு மிதந்தது. நீங்கள் அனுப்பிய பஞ்சு ஏன் முழுகியது? அப்பாசாமி ஊர் நடுவில் வைத்து, ‘ஒங்கண்ணன் பஞ்சு அனுப்பலம்மா, ஒன்ன முழுகடிக்க கல்லு அனுப்பிகீறான்’ என்றார். அன்றைக்குச் சிரித்த மாதிரி இன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உண்மையைச் சொல் அண்ணா. கொஞ்ச நாள் ஆகும், ஏன் என்று கேட்காதே என்று எழுதினாயே, அந்த நாளில் என்ன செய்தாய்? கெட்டுப்போன பஞ்சைப் பார்வைக்கு வெள்ளையாக்கி அனுப்பினாயா? என்னை உனக்குப் பிடிக்காமல் போகலாம். நான் செய்தது தப்பாகவே இருக்கட்டும். அதற்கு இந்தக் குப்பம் என்ன செய்தது?

மணி அண்ணனுக்குச் சாப்பாடு போட்டேன். அந்தக் கடனும் இல்லை.

ஜெயப்பிரியா


செய்யூர்
14.5.2024

அன்புள்ள ஜெயாவுக்கு அண்ணி சம்பூர்ணம் எழுதிக்கொண்டது.

சர்க்கரை முன்பு போலத்தான், மாத்திரை போட்டுக்கொள்கிறேன். நீ உடம்பைப் பார்த்துக்கொள். வெயில் மண்டையைப் பிளக்கிறது, மோர் குடி.

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பதில் வராமல் இலவு காத்த கிளியாக உட்கார்ந்திருப்பாய் என்று தெரியும். உன் அண்ணன் அதைப் படித்துவிட்டுச் சாப்பாட்டிலிருந்து எழுந்து போய்விட்டார். பதில் எழுதச் சொன்னால், ‘அவ கேட்டது நாயம். முழுகிச்சா இல்லியா? அப்பறம் இன்னா எழுதறது?’ என்கிறார். அதனால் நான் எழுதுகிறேன். இது அவருக்குத் தெரியக் கூடாது.

பஞ்சை நாங்கள் கழுவினோம் ஜெயா.

பரணிலிருந்து இறக்கியதும் ஒரே தூசி, எலிப் புழுக்கை, வாடை. உன் கடிதத்தைக் காட்டி, சுத்தம் செய்ய வேண்டாம் என்று எழுதியிருக்கிறாளே என்று சொன்னேன். ‘அவ அப்பிடித்தான் எழுதுவா. பொறந்த வூட்ல கேக்கறதுக்குக் கூச்சம். இத்த இப்பிடியே அனுப்பினா நாளைக்கி அவ மாமியா வூட்ல இன்னா பேசுவாங்கோ? மாப்ள வூட்டுக்குப் போற பஞ்சு, மல்லி மாதிரி போவணும்’ என்றார். மாப்பிள்ளை என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன். கவனித்தேன் என்று தெரிந்தால் திரும்பவும் விழுங்கிவிடுவார்.

மோட்டார் கொட்டகைத் தொட்டியில் பூந்திக்கொட்டையை ஊறவைத்து, நுரை பொங்கப் பொங்க அதில் பஞ்சைக் கொட்டினோம். முழுகவே மாட்டேன் என்றது. ஒரு பக்கம் அமுக்கினால் இன்னொரு பக்கம் மேலே வந்தது. உன் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்த முழங்காலோடு தொட்டிக்குள் இறங்கி மிதித்தார். ‘பாரு, அவள மாதிரியே பேஜாரு பண்ணுது’ என்று திட்டிக்கொண்டே மிதித்தார். அது முழுகுகிற வரைக்கும் அவர் விடவில்லை. அப்புறம் காயவைத்து, கட்டியைக் கையால் பிய்த்து, கொட்டையும் பொறுக்கினார். கூலிக்கு ஆள் வைக்கலாம் என்றதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை. மெத்தை தலையணை கொடுத்து உன்னை அனுப்பிவைக்காதது அவருக்கு உள்ளே உறுத்திக்கொண்டே இருக்கிறது. எத்தனையோ பேர் கல்யாணத்துக்குப் பஞ்சு கொடுத்த மனுஷன்.

பூந்திக்கொட்டையால்தான் முழுகிற்றா என்று எனக்குத் தெரியாது, நீ படித்தவள். ஆனால் கெட்ட எண்ணத்தில் அனுப்பியது இல்லை. அதை நீ நம்பினால் போதும்.

அண்ணி


புன்னைக்குப்பம்
20.5.2024

அன்புள்ள அண்ணா,

நலமாக இருக்கிறாயா? நான் நலம். உன்னை அப்படி எழுதியதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை என்பதைத் தவிர நலம்.

இந்தக் கடிதத்தைப் பல தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். ஒரு விஷயத்தை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இலவம் பஞ்சின் ஒவ்வொரு இழை மேலும் மெல்லிசாக மெழுகு மாதிரி ஒரு பூச்சு இருக்கிறது. அது தண்ணீரை ஒட்டவிடாது, எண்ணெயை மட்டும் சேர்த்துக்கொள்ளும். சோப்போ, சீயக்காயோ, பூந்திக்கொட்டையோ பட்டால் அந்தக் குணம் போய்விடும். கொஞ்சம் நுரை இழையில் தங்கினாலும் போதும், தண்ணீரை உறிஞ்ச ஆரம்பித்துவிடும். தொட்டியில் போட்டால் முழுகாமல் அடம் பிடிக்கிறதே, அந்த அடம்தான் எங்களுக்கு வேண்டியது.

யார் என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை. காரணத்தைச் சொல்லாமல் ‘சுத்தம் செய்ய வேண்டாம்’ என்று மட்டும் எழுதியது நான். நம் வீட்டில் வேண்டாம் என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியாதா? வந்தவர்கள் காபி வேண்டாம் என்றால் அடுப்பில் பால் வைக்கிற வீடு அது.

எண்ணெய் உப்பங்கழிக்குள் போனது போனதுதான். ஆனால் முகத்துவாரத்தில் மணல் தள்ளி வாய் சிறுத்துவிட்டது. உள்ளே போன எண்ணெய் உள்ளேயே மிதக்கிறது. புதிதாகவும் வருகிறது. இப்போதும் பஞ்சு கிடைத்தால் எடுக்கலாம் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். ஊரில் ஒருவரும் நம்பவில்லை. இந்தத் தடவையும் முழுகினால் அவரோடு யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள். அவ்வளவு பேச்சு வாங்கிவிட்டார், என்னால்.

இந்த வருடத்துக் காய் வெடித்திருக்குமே. தூசியோடு கொடு அண்ணா. எறும்போடு கொடு. எலிப் புழுக்கை இருந்தாலும் பரவாயில்லை. இது கூச்சத்துக்காகச் சொல்வது இல்லை.

உன்
ஜெயா


செய்யூர்
8.6.2024

ஜெயப்பிரியாவுக்கு,

நலம். முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறேன்.

தொட்டி விஷயம் உனக்கு யார் எழுதினார்கள் என்று எனக்குத் தெரியும். எழுதியவள் இப்போது அடுப்படியில் ஒன்றும் தெரியாதவள் மாதிரி வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள்.

நானும் பக்கெட்டில் போட்டுப் பார்த்தேன், டிராக்டர் எண்ணெய் ஊற்றி. மரத்திலிருந்து வந்ததை அப்படியே போட்டேன், மிதந்தது. கழுவியதில் ஒரு பிடி மிச்சம் இருந்தது. அதையும் போட்டுப் பார்த்தேன்.

இப்போது அனுப்புவது புதுப் பஞ்சு. கொட்டையும் எடுக்கவில்லை, ஒன்றும் எடுக்கவில்லை. ஓடு மட்டும் உடைத்தது. சாக்கைப் பார்த்து சம்பூர்ணம் தலையில் அடித்துக்கொள்கிறாள். நான் அவளை ஏற்றுகிற இடத்துக்கே வரவிடவில்லை.

ஒன்று கேட்கிறேன். பஞ்சு எண்ணெயைக் குடித்துவிடும், சரி. குடித்த பஞ்சு எங்கே போகும்? பூச்சி மருந்து டப்பாவை நம் ஆட்கள் கால்வாயில் போட்டுவிட்டு வயல் சுத்தம் என்பார்கள். அந்த மாதிரி ஆகிவிடக் கூடாது. யோசித்து எழுது.

உலகநாதன்


புன்னைக்குப்பம்
12.7.2024

அன்புள்ள அண்ணா, அண்ணி,

எல்லோரும் சுகம்தானே? நான் சுகம். கை மட்டும் கறுப்பு. நகத்துக்கு அடியில் ஏறியது தேங்காய் எண்ணெய்க்கும் போகவில்லை.

மிதந்தது! முதலில் அதை எழுதிவிடுகிறேன். மலைப்பாம்பு இறக்கிய அன்று ஊர் முழுக்க முழுகுவதைப் பார்க்கத்தான் வந்து நின்றது. முதல் ஏற்றம் வந்து போயிற்று. எண்ணெய் வந்து முட்டியது, பாம்பு மேலேயே கிடந்து கறுத்தது. மறுநாளும் மிதந்தது. அப்பாசாமி ஒரு மணி நேரம் கரையிலேயே குந்தியிருந்துவிட்டு எழுந்து போகும்போது, ‘ஒங்கண்ணனுக்கு இன்னும் மரம் கீதா?’ என்று கேட்டார். மன்னிப்பு என்று அவர் ஊரில் அதற்குப் பெயர்.

உப்பங்கழிக்குள் எண்ணெய் எடுத்தது என் வீட்டுக்காரர் யோசனை. மலைப்பாம்பின் இரண்டு முனையிலும் கயிறு கட்டி, கரைவலை இழுக்கிற மாதிரி இரண்டு கரையிலும் ஆட்கள் நின்று மெதுவாக இழுத்து வந்தார்கள். மேலாக இருந்த எண்ணெய் எல்லாம் வந்துவிட்டது. சேற்றில் இறங்கியதும் செடியின் வேரில் ஒட்டியதும் வரவில்லை. அதற்குப் பஞ்சு என்ன செய்யும்? நண்டு இந்த வருடம் குறைவாகத்தான் இருக்கும் என்கிறார்கள். ஆனால் போன வாரம் சேற்று ஓரத்தில் இறால் குஞ்சு துள்ளுவதை நானே பார்த்தேன். ரொம்ப நேரம் அங்கேயே நின்றேன்.

அண்ணா, நீ அனுப்பியது கல் இல்லை, பஞ்சுதான் என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். என் வீட்டுக்காரரும் உன்னிடம் சொல்லச் சொன்னார். என்ன சொல்லச் சொன்னார் என்றால், ‘சொல்லு’ என்று மட்டும் சொன்னார். நீயே பூர்த்தி செய்துகொள்.

உன்
ஜெயா


செய்யூர்
5.9.2024

அன்புள்ள ஜெயா,

நாங்கள் சுகம். நீ சுகமா என்று கேட்கிறேன், இந்தத் தடவை நிஜத்தை எழுது.

ஜூலையில் எழுதிய கடிதத்தை உன் அண்ணன் மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். ஆனால் படித்த அன்றே, ‘நான் கேட்டதுக்கு பதில் இல்லியே’ என்றார். அதன் பிறகு உன்னிடமிருந்து கடிதமும் இல்லை. எனக்கு அப்போதே சந்தேகம்.

நேற்று மணி உங்கள் பக்கம் சவுக்குக் கட்டை ஏற்றப் போனவன், உன் குப்பத்துக்குள்ளும் எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னான். எண்ணெய் குடித்த பஞ்சு மூட்டை மூட்டையாகக் கரையில் கிடக்கிறதாமே? மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு, ஏதோ ஆலையில் எரிப்பதற்கு அனுமதி வர வேண்டும், மழைக்காலம் கழிந்துதான் எடுப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்களாமே? கடல் பொங்கினால் அவ்வளவும் திரும்ப உள்ளே போய்விடும் என்று ஊரே உன் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டிருக்கிறதாம். ‘நீங்க கொண்டாந்த பஞ்சு, நீங்களே அள்ளிகினு போங்க’ என்கிறார்களாம். பக்கத்து ஊர்கள் எதிலும் போட இடம் கொடுக்கவில்லை என்றும் சொன்னான்.

இதை ஏன் எழுதவில்லை? பஞ்சு கேட்க வாய் வந்தது, இடம் கேட்க வாய் வரவில்லையா? வாசலுக்கு வரக் கூடாது என்று சொன்னவரிடம் எப்படிக் கேட்பது என்று நினைத்திருப்பாய். எனக்கும் என்ன சொல்வது என்று தெரியவில்லை. மணி சொன்னதை உன் அண்ணனும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எழுந்து வேர்க்கடலைக் கொட்டகைப் பக்கம் போனார்.

அண்ணி


செய்யூர்
19.9.2024

ஜெயப்பிரியாவுக்கு,

நலம்.

வேர்க்கடலைக் கொட்டகையைக் காலி செய்துவிட்டேன். சிமென்ட் தரை, மேலே ஷீட், சாரல் அடிக்காது. தரை மேல் கெட்டித் தார்ப்பாய் விரித்து, ஓரத்தில் செங்கல் அடுக்கியாகிவிட்டது. எண்ணெய் கசிந்தாலும் மண்ணுக்குப் போகாது. கிணறு தூரத்தில் இருக்கிறது. அந்த அலுவலகத்துக்காரர்களிடம் எழுதிக் கொடுத்து, மூட்டை இங்கே இருக்கிறது, ஆலைக்கு இங்கிருந்து ஏற்றிக்கொள்ளட்டும் என்று கையெழுத்து வாங்கிவிடு. என் பெயர், சர்வே நம்பர் எல்லாம் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

அடுத்த வாரம் மணி வருவான். ஒரே நடையில் ஏறாது. நீயும் முதல் வண்டியில் வா. எண்ணெய்ப் பஞ்சு, நெருப்புக்குப் பயம். எப்படி அடுக்குவது, எவ்வளவு காற்று விடுவது என்று தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். சம்பூர்ணத்துக்குக் கெமிஸ்ட்ரி தெரியாது.

கொட்டகைக்கு வயல் பக்கமாகவும் வழி இருக்கிறது.

உலகநாதன்


செய்யூர்
28.9.2024

என் வீட்டுக்காரருக்கு,

நேற்று போனில் நான் ‘ம், ம்’ என்றே பேசியதற்கு நீங்கள் கோபித்துக்கொண்டு வைத்துவிட்டீர்கள். அண்ணன் பக்கத்திலேயே நின்றுகொண்டு, போனை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்படிப் பேசுவது? அதனால் எழுதி, வண்டியோடு மணி அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். உடம்பு நன்றாக இருக்கிறது. நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? விஜயகுமாரி அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

பிறந்த வீட்டுக்கு நான்கு வருடம் கழித்துப் போகிறேன், கையில் ஒரு பழம் இல்லை, பூ இல்லை. பின்னால் வண்டி நிறைய எண்ணெய் மூட்டை. வாடை வேறு. ஊர் எல்லையில் மணி அண்ணனிடம், வயல் பக்கமாகவே போய்விடலாம் என்று சொன்னேன். அவரும் திருப்பினார். பார்த்தால் அண்ணன் தெருவில் நிற்கிறார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, நடுத்தெருவில். ‘டேய் மணி, எங்கடா போற? வூடு இங்க கீது’ என்று கத்தினார். வாசல் கதவு இரண்டையும் விரியத் திறந்து வைத்திருந்தார். அண்ணி கோலம்கூடப் போட்டிருந்தார். அந்தக் கோலத்தின் மேல்தான் வண்டி ஏறிப் போயிற்று. நான் இறங்கவில்லை. முன் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அதற்குள் தெரு கூடிவிட்டது. எதிர் வீட்டு சின்னராசு, ‘இன்னா உலகநாதா, எந்த ஊரு அசிங்கத்தயோ எடுத்தாந்து இங்க கொட்டற?’ என்று கேட்டார். கேட்டதில் தப்பு இல்லை. அண்ணன் அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. வண்டியின் கதவைத் திறந்து என் கையைப் பிடித்து இறக்கிவிட்டுத்தான் பேசினார். ‘இது என் மரத்துப் பஞ்சு. கடல்ல கெடந்தத என் மாப்ள கழுத்தளவு தண்ணில நின்னு எடுத்தது. ஆலைக்குப் போற வரிக்கும் என் வூட்லதான் கெடக்கும். வேற எங்க போவும்?’ என்றார். சின்னராசு வந்து ஒரு மூட்டைக்குக் கை கொடுத்தார்.

நீங்கள் கழுத்தளவு தண்ணீரில் நின்றது ஏப்ரலில், நான் அவரைத் திட்டி எழுதிய கடிதத்தில் இருந்தது. அந்தக் கடிதத்தில் அவர் ஞாபகம் வைத்துக்கொண்டது அந்த ஒரு வரியைத்தான்.

மூட்டைகளை இடைவெளி விட்டு அடுக்கிவிட்டோம். இன்னும் இரண்டு நடை வரும். அண்ணியின் மடியில் தலை வைத்து ஒரு பாட்டம் அழுதேன். இந்த வாடையோடா என்று அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டே தலையைக் கோதினார்.

இன்று காலை அண்ணன் நாஸ்தா சாப்பிடும்போது, கடைசி நடைக்கு யார் வண்டியோடு வருவார்கள் என்று கேட்டார். யாராவது வருவார்கள் என்றேன். கொஞ்ச நேரம் இட்லியைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல், அண்ணியையும் பார்க்காமல், தட்டைப் பார்த்துக் கேட்டார். ‘பொரட்டாசி மாசமாச்சே. வூட்ல கவுச்சி ஆக்க மாட்டோம். அவரு மீன் இல்லாம சாப்புடுவாரா?’

சாப்பிடுவார் என்று சொல்லிவிட்டேன். வெறும் சாம்பார்தான் இருக்கும், முகத்தைச் சுளிக்காதீர்கள். கடைசி வண்டியில் நீங்களே ஏறி வாருங்கள்.

உங்கள்
ஜெயா